நாலாம் நம்பர் டோக்கன்

காணும் பொங்கல் முடிந்த மறுநாள் காலை ஏழரை மணிக்கு, டிபன் பாக்ஸும் தூக்கக் கலக்கமுமாக வேனிலிருந்து இறங்கிய ஈச்சங்குப்பத்துப் பெண்கள், ஷூ கம்பெனி இருந்த இடத்தில் கம்பெனி இல்லாததைப் பார்த்தார்கள். மதில் இல்லை, கேட் இல்லை, வாட்ச்மேன் கூண்டு இல்லை, 'நாம் அனைவரும் ஒரே குடும்பம்' என்று எழுதின போர்டு இல்லை, அவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பெலும்பைத் தேய்த்த இருநூறு தையல் மெஷின்களும் இல்லை. அத்தனையையும் மடியில் கட்டிக்கொண்டு அது கிளம்பிவிட்டிருந்தது. பல் பிடுங்கின ஈறு மாதிரி அஸ்திவாரக் குழிகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன.

ஆடு மேய்க்கிற காசிநாதன்தான் அது போவதைப் பார்த்தவன். "விடியக்கால எழுந்திரிச்சிச்சு. தூசி உதறிக்கிச்சு. ஆத்துல எறங்கி கெழக்கால நடந்துச்சு" என்றான். கால் நனையவில்லையா என்று ஒருத்தி கேட்டாள். "இன்னாத்த நனையறது? இருந்த தண்ணியதான் இருவது வருசமா அதுவே குடிச்சிட்டுச்சே" என்றான் அவன்.

கட்டடம் எப்படி நடக்கும் என்று ஈச்சங்குப்பத்தில் ஒருவரும் கேட்கவில்லை. வந்தபோது நிலத்தை விழுங்கி, ஆற்றை விழுங்கி, பஞ்சாயத்துத் தலைவரை வேட்டி சட்டையோடு விழுங்கிய ஒன்றுக்குக் கால் இருப்பதில் என்ன அதிசயம் இருக்கிறது? போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு, 'காணாமல் போனவை' நோட்டை எடுத்து, பெயர் தொழிற்சாலை, வயது இருபது, கடைசியாக உடுத்தியிருந்தது நீலத் தகரக் கூரை என்று நிதானமாக எழுதி, "போட்டோ இருக்குதாம்மா?" என்றார். தாசில்தார் வந்து குழிகளை எண்ணிவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

ஏன் போனது என்பதிலும் யாருக்கும் குழப்பமில்லை. தீபாவளி சமயத்தில் பெண்கள் வாய் திறந்து இரண்டு சங்கதி கேட்டிருந்தார்கள். ஒன்று, சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். இரண்டு, லைனுக்கு ஒன்றாக இருக்கிற பாத்ரூம் டோக்கனை இரண்டாக்குங்கள். ஜி.எம். புருஷோத்தமன் அன்றைக்கு மைக் வைத்து அழாத குறையாகப் பேசினார். "குடும்பத்துக்குள்ள இப்படிக் கேக்கலாமாம்மா? எனக்கு நெஞ்சு வலிக்குது." அந்த நெஞ்சு வலிக்கு மருந்துதான் இந்தப் பயணம். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு இருந்தது. அங்கே கேட்பது குற்றம், சங்கம் குற்றம், வேலை நேரத்தில் பக்கத்து சீட்டுக்காரியிடம் 'சாப்பிட்டியா' என்பதும் குற்றம்; வாய் திறந்தவளுக்குப் போலீஸ் வேன் வாசலிலேயே நிற்கும். அப்படி ஒரு நாடு கம்பெனிகளுக்கு எப்போதும் கிடைத்துவிடுகிறது, கொசுவுக்குச் சாக்கடை கிடைக்கிற மாதிரி. அந்த நாட்டு ராஜா ரத்தினக் கம்பளம் விரிக்க, நம்முடைய கம்பெனி அதில் போய் அழகாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

ஆனால் அவசரத்திலோ அலட்சியத்திலோ, கக்கூஸை விட்டுவிட்டுப் போய்விட்டது.

கம்பெனியின் பின்சுவரை ஒட்டி நாலு லைனுக்கு நாலு கக்கூஸ். முன்கதவு கம்பெனிக்குள் திறக்கும். பின்னால், கழுவுகிறவள் வந்து போக வெளியே திறக்கிற தகரக் கதவு. கழுவுகிறவள் கம்பெனிக்குள்ளே கால் வைத்தால் தோலுக்குத் தீட்டு வந்துவிடுமாம். செத்த மாட்டுத் தோலுக்குத் தீட்டு! அந்த நாலு அறையும், நாலு முன்கதவும், நாலு தகரக் கதவும், கீழே செப்டிக் டேங்கும் அப்படியே வெட்டவெளியில் நின்றன. முன்கதவைத் திறந்தால் இப்போது காசிநாதனின் ஆடுகள் தெரிந்தன.

இங்கே சலோமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சலோமி நாலாம் லைனில் பதினேழு வருஷம் டோக்கன் அக்கா. குழந்தை ஷூவுக்கான மர அச்சில் சிவப்பு பெயின்ட் அடித்து, நம்பர் போட்டு, கயிறு கட்டி வைத்திருப்பார்கள். அதுதான் டோக்கன். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால்தான் பாத்ரூம் போகலாம், லைனில் ஐம்பது பேருக்கு அது ஒன்றே ஒன்று, ஒருத்தி திரும்பினால்தான் அடுத்தவள். அஞ்சு நிமிஷம். சலோமியின் கழுத்தில் கம்பெனி கொடுத்த ஸ்டாப் வாட்ச் தொங்கும். அந்த வேலைக்கு அவளை வைத்ததே அவள் இரக்கம் பார்க்காதவள் என்பதால்தான். அவளும் அதைப் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், பாவி.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஷாஹிதா, பதினோராம் சீட், அஞ்சு மாசக் கர்ப்பிணி, டோக்கன் போர்டுக்கு மூன்று தடவை வந்து நின்றாள். "அக்கா, முடியலக்கா." சலோமி வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே, "பிரேக்குக்கு இன்னும் இருவது நிமிசம் கீது. போய் உக்காரு" என்றாள். டோக்கன் அப்போது ஆணியில் சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது. ஷாஹிதா போய் உட்கார்ந்தாள். பத்தாவது நிமிஷம் சீட்டுக்கு அடியில் ஈரம் ஓடியது, ஐம்பது பேரும் பார்த்தார்கள், சூப்பர்வைசர் சிரித்தான். ஷாஹிதா புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்து போனவள் மறுபடி கம்பெனிக்குள் வரவேயில்லை. கேட்டுக்கு எதிரில் டீ வண்டி போட்டாள். சலோமி டீ கேட்டால் கொடுப்பாள். ஆனால் கிளாஸைக் கையில் தரமாட்டாள், பலகை மேல் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒன்பது வருஷமாக ஒரு வார்த்தை கிடையாது. இருந்தாலும் சலோமி அந்த டீயைத் தினமும் வாங்கிக் குடித்தாள்.

கம்பெனி போய்ப் பத்து நாள் இருக்கும். பழகின கால் கேட்காமல் பெண்கள் இன்னும் ஷிப்ட் நேரத்துக்கு வந்து அந்த வெட்டவெளியில் நின்றுகொண்டிருந்த ஒரு காலையில், மணி பத்து பத்துக்கு, நாலாம் நம்பர் தகரக் கதவு திறந்தது. உள்ளேயிருந்து யாரோ ஒரு பெண் வந்தாள். சாம்பல் நிற யூனிபார்ம், ஒட்ட வெட்டின முடி, கழுத்தில் சிவப்பு மர அச்சு. ஆடுகளைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள். சலோமி பார்த்தது டோக்கனை. நாலாம் நம்பர். அவளே பெயின்ட் அடித்தது.

இதற்கும் ஊர் வாயைப் பிளக்கவில்லை. கம்பெனி போன இடத்தில் கக்கூஸ் கட்டவில்லை, அவ்வளவுதான். இருக்கிற கதவைத்தான் அந்தப் பெண்கள் திறக்கிறார்கள், கதவுக்கு எது தன் வீடு என்று தெரிகிறது. கொஞ்ச நாளில் சட்டதிட்டமும் பிடிபட்டது. அங்கிருந்து யார் வந்தாலும் தகரக் கதவு வழியாக ஈச்சங்குப்பத்துக்கு வரலாம். திரும்பிப் போக மட்டும் கழுத்தில் டோக்கன் இருக்க வேண்டும். டோக்கனோடு முன்கதவைத் திறந்தால் அந்த நாட்டுக் கம்பெனி, டோக்கன் இல்லாமல் திறந்தால் ஆடு.

லைனுக்கு ஒருத்தியாக, நாலு கதவிலும் காலையிலிருந்து சாயங்காலம் வரை வந்துகொண்டே இருந்தார்கள். அஞ்சு நிமிஷத்தில் ஒரு நிமிஷம் உள்ளே, நாலு நிமிஷம் வெளியே. அந்த நாலு நிமிஷத்துக்கு ஊர் தன்னைத் தயார் செய்துகொண்டது. ஷாஹிதா டீ வண்டியைக் கக்கூஸுக்குப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாள். வருகிறவளுக்குச் சுடச் சுடக் குடிக்க நேரமில்லை என்று முன்கூட்டியே ஆற்றி வைத்தாள். பிரியாணிக் கடைக்காரர் இரண்டே கவளத்துக்கு அளவாக வாழையிலைப் பொட்டலம் கட்டினார். ஒருத்தி எண்ணெய் வைத்துத் தலை பிடித்துவிட, இன்னொருத்தி கொசுக்கடிக்கு மஞ்சள் பூச, சர்ச்சில் பாடுகிற கூட்டம் ஒரு நாள் அவர்களுக்காகப் பாட ஆரம்பித்து, நாலு நிமிஷத்தில் ஒரு பாட்டும் முடியாததால் பல்லவியோடு நிறுத்திக்கொண்டது.

பாஷை புரியாததும் பெரிய இடைஞ்சலாக இல்லை. மெஷின் சத்தத்தில் பேச முடியாததால் லைனில் கை ஜாடைதான் பேச்சு. காது மடலை இழுத்தால் சூப்பர்வைசர் வருகிறான், இரண்டு விரலை ஒடித்துக் காட்டினால் ஊசி உடைந்தது, சுண்டு விரலைத் தூக்கினால் பாத்ரூம். அந்தப் பெண்களுக்கும் இதே ஜாடைதான். மெஷின்கள்தான் அதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஜாடையிலேயே எல்லாம் தெரிந்தது. அவர்கள் காம்பவுண்டைத் தாண்டி மூன்று வருஷத்துக்குப் போகக்கூடாது. டோக்கன் ஒரு நிமிஷம் லேட்டாகத் திரும்பினால் லைன் ஐம்பது பேரும் முற்றத்தில் வெயிலில் முட்டி போட வேண்டும். பேசினவளை வேன் ஏற்றிக்கொண்டு போகும். வயிறு தெரிந்தாலும் வேன். வேனில் ஏறினவள் திரும்பி வந்ததில்லை.

அதனால்தான் ஊருக்குச் சலோமி தேவைப்பட்டாள். பழைய ஸ்டாப் வாட்ச் இன்னும் அவளிடம்தான் இருந்தது. தகரக் கதவு திறந்ததும் அமுக்குவாள், மூன்றரை நிமிஷத்தில் கையைத் தட்டுவாள், வந்தவள் வாயிலிருப்பதை விழுங்கிக்கொண்டு ஓடுவாள். அதே வாட்ச், அதே வேலை. இப்போது ஒருத்தியும் முட்டி போடக்கூடாது என்பதற்காக. ஆனாலும் ஷாஹிதா அவளுக்குக் கிளாஸைப் பலகை மேல்தான் வைத்தாள்.

முதலில் வந்த பெண்ணின் பெயர் நுவா. நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள். அவள் உட்கார்வது பதினோராம் சீட் என்பதை இரண்டு கை விரல்களையும் விரித்து, மேலே ஒன்று காட்டியபோது சலோமி டீ வண்டிப் பக்கம் பார்க்காமல் குனிந்து வாட்ச்சைத் துடைத்தாள். ஏப்ரல் மாதம் நுவா யூனிபார்மைத் தூக்கி, வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்த துணியைக் காட்டினாள். ஷாஹிதா துணியை அவிழ்த்து, வயிற்றைக் காற்றாட விட்டாள். அன்றிலிருந்து தினமும் அந்த நாலு நிமிஷம் அந்த வயிறு ஈச்சங்குப்பத்து வெயிலில் மூச்சு விட்டது. அதற்குப் பிறகு ஷாஹிதாவே துணியைச் சுற்றி, வலிக்காமல் முடிச்சுப் போட்டு அனுப்புவாள். துணி ஒவ்வொரு வாரமும் ஒரு சுற்று குறைந்தது. இன்னும் எத்தனை நாளைக்கு மறைக்க முடியும் என்று பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து பத்துக்கு, நுவா கதவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நடக்கவில்லை, சரிந்தாள். காலோடு நீர் ஓடியது. ஷாஹிதா அதைப் பார்த்தாள், பிறகு ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சலோமியை நேருக்கு நேர் பார்த்தாள்.

"பனிக்குடம் ஒடஞ்சிருச்சு. இவ திரும்பப் போக மாட்டா" என்றாள் ஷாஹிதா, கூட்டத்துக்குச் சொல்கிற மாதிரி.

"டோக்கன் போவாங்காட்டி அம்பது பேரு வெயில்ல முட்டி போடணும்" என்றாள் ஒருத்தி.

"வெயிலு இன்னா வெயிலு? ஒரு சீட்டு காலியா இருந்தா தேடுவானுங்க. வயிறு விசயம் வெளிய வந்துரும். மறைச்சவளுங்க எல்லாரையும் வேன்ல ஏத்துவானுங்க" என்றாள் இன்னொருத்தி.

வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நிமிஷம் பத்து விநாடி. பெண்கள் கையைப் பிசைந்தார்கள். நுவா வலியில் பல்லைக் கடித்தாளே தவிர ஒரு முனகல்கூட விடவில்லை. அந்த நாட்டில் அதுவும் பழகிப்போயிருந்தது. ஷாஹிதா தன் கழுத்தைத் தடவிக்கொண்டு, "நான் போறேன். அது என் சீட்டுதான்" என்றாள்.

"நீ புள்ளப் பேறு பாக்கத் தெரிஞ்சவ. எனக்கு மணி பாக்கத்தான் தெரியும்" என்றாள் சலோமி. குனிந்து நுவாவின் கழுத்திலிருந்து டோக்கனைக் கழற்றினாள். நுவாவின் சாம்பல் சட்டையையும் கழற்றித் தன் ரவிக்கை மேல் மாட்டி, வாட்ச்சைச் சட்டைக்குள் தள்ளி, புடவையை உருவிப் பாவாடையோடு நின்றாள். ஆயிரம் கழுத்தில் மாட்டிவிட்ட டோக்கனை அவள் தன் கழுத்தில் மாட்டியதே இல்லை. டோக்கன் அக்காவுக்கு ஆபீஸ் பாத்ரூம் உண்டு. மரக்கட்டை இவ்வளவு கனக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே போய் முன்கதவைத் திறந்தாள். ஆடு இல்லை.

அதே ஹால்தான். அதே நீலக் கூரை, அதே 'ஒரே குடும்பம்' போர்டு, இப்போது புரியாத எழுத்தில். இருநூறு பெண்கள், ஒரு குரல் இல்லை. டோக்கன் போர்டுக்குப் பக்கத்தில் சலோமி வயதிலேயே ஒருத்தி, கழுத்தில் வாட்ச், இரக்கம் பார்க்காத முகம். அவள் டோக்கனைப் பார்த்தாள், வாட்ச்சைப் பார்த்தாள், தலையசைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. பதினேழு வருஷத்தில் சலோமியும் ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ப் பதினோராம் சீட்டில் உட்கார்ந்தாள்.

மெஷினின் தலையில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்படியே இருந்தன. துடைக்கக்கூட யாருக்கும் நேரமில்லை போலிருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரி ஓரக்கண்ணால் பார்த்தாள், பாவாடையைப் பார்த்தாள், ஒன்றுமே பார்க்காதவள் மாதிரி நூல்கண்டை இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள். முன் சீட்டுக்காரி காது மடலை இழுத்தாள். சூப்பர்வைசர் வந்தான், தைத்த எண்ணிக்கையைப் பார்த்தான், போனான். என்ன கேவலமான கம்பெனி என்று சலோமி நினைத்தாள். இவளுங்களை விட்டு ஓடணும்னு கடலைத் தாண்டி ஓடி வந்து, அதே பொம்பளை அதே சீட்டில் உட்கார்ந்து தைக்கிறதுகூடத் தெரியாமல் எண்ணிக்கிட்டு இருக்குதே, தூ.

இரண்டு மணி நேரம் தைத்தாள். டோக்கனோடு போய் வந்தவர்கள் இன்னும் இல்லை என்று தலையாட்டினார்கள். காது மட்டும் நாலாம் கதவிலேயே இருந்தது. ஒரு வேளை செத்துக்கித்துப் போயிருந்தால்? ஷாஹிதாவுக்குத் தெரியாமல் குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றிக் கிடந்தால்? ஊசி விரலில் ஏறியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. நாலாம் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, புத்தம் புது நுரையீரலிலிருந்து, யார் அனுமதியும் வாங்காமல், டோக்கன் கேட்காமல், வீல் என்று. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பேச்சே கூடாத அந்த ஹாலில் அந்தக் குழந்தை மட்டும் கத்தித் தீர்த்தது. சூப்பர்வைசர் ஓடி வந்து லைன் லைனாக வாய்களைப் பார்த்தான், எல்லா வாயும் மூடியிருந்தது. யாரைத்தான் வேனில் ஏற்றுவான்?

கண்ணாடி அறையிலிருந்து கோட்டு சூட்டோடு புருஷோத்தமன் இறங்கி வந்தார். நாலாம் லைன் பக்கம் வந்தவர் சலோமியைப் பார்த்து நின்றுவிட்டார். "நீ... நீ வந்து... அந்த டோக்கன்..." என்றார். பதினேழு வருஷம் தினமும் குட்மார்னிங் வாங்கிக்கொண்ட குடும்பத் தலைவருக்குப் பெயர் வரவில்லை.

"சலோமி சார்" என்றாள் சலோமி, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி.

பிறகு எழுந்து நின்று, சுண்டு விரலைத் தூக்கினாள்.

பக்கத்து சீட்டுக்காரி பார்த்தாள். அவளும் எழுந்து தூக்கினாள். முன் சீட்டு, பின் சீட்டு, மூன்றாம் லைன், இரண்டாம் லைன், முதல் லைன். இருநூறு சுண்டு விரல்கள்.

"என்ன இது? என்ன வேணும் இவளுங்களுக்கு?" என்று அலறினார் புருஷோத்தமன்.

"ஒண்ணுக்கு வருது சார். எல்லாருக்கும்."

அவள் டோக்கனைத் தொடாமல் நடந்து போய் நாலாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். பெண்கள் போனார்கள், நாலு கதவிலும், தள்ளுமுள்ளு இல்லாமல், வரிசை பழகினவர்கள் இல்லையா. வேன் போலீஸ்காரர்கள் உள்ளே ஓடி வந்தார்கள். பாத்ரூமுக்குப் போகிற பெண்களை எந்தச் சட்டத்தில் பிடிப்பது என்று அவர்கள் புத்தகத்தைப் புரட்டி முடிப்பதற்குள் ஹால் காலியாகிவிட்டது. கடைசியாக அந்த ஊர் டோக்கன் அக்கா மட்டும் போர்டுக்குப் பக்கத்தில் நின்றாள், நாலு டோக்கனும் ஆணியில் தொங்க. சலோமி அவளைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்துக்குள்ளேயும் ஒரு பதினோராம் சீட் இருந்தது. சலோமி கையை நீட்டினாள். அவள் வாட்ச்சைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு வந்தாள். இரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வெளியே திருவிழாக் கூட்டம். இருநூறு பேரும் ஆடுகளுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, முதல் தடவையாகப் பாட்டைப் பல்லவி தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிரியாணிக் கடைக்காரர் இரண்டாவது அண்டாவுக்கு அடுப்பு மூட்டினார். தாசில்தாருக்கு ஆள் போயிருந்தது. அவர் வந்து இவர்களை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று மண்டையைச் சொறிந்து, கடைசியில் 'காணாமல் போன தொழிற்சாலையின் பாகங்கள், மீட்கப்பட்டவை' என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறார். அது சாயங்காலம். கம்பெனியும் இன்னொரு நாட்டைத் தேடி எழுந்து நடக்கும். நடக்கட்டும், அதன் கக்கூஸ் கதவு இங்கேதான் இருக்கிறது.

டீ வண்டிக்குக் கீழே, சலோமியின் புடவையை விரித்து, நுவா படுத்திருந்தாள். பக்கத்தில் பெண் குழந்தை, கத்திக் கத்திக் களைத்து, முஷ்டியைச் சப்பிக்கொண்டிருந்தது. சலோமி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள்.

ஷாஹிதா டீயை ஆற்றினாள். பலகையில் வைக்கவில்லை. குனிந்து, சலோமியின் கையைப் பிடித்து, விரல்களை விரித்து, கிளாஸை அதில் வைத்து மூடினாள்.

"எத்தினி நிமிசம் ஆச்சுக்கா?" என்று கேட்டாள்.

சலோமி கழுத்தில் தொங்கின வாட்ச்சைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"பாக்கலம்மா" என்றாள்.